இருட்படங்கள்: குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் யார்?

பழம்பெருமை பேசுதல் நம்மவர்க்கு மட்டும் உரிய குணமன்று. மேனாட்டார்க்கும் அது நிரம்ப உண்டு. சினிமாவைப் பற்றிப் பேச்செழுந்தால், அந்நாளில் எடுத்தவையே படங்கள், இந்நாளையவை வெறும் ஆரவாரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஏராளம். சிறப்பாக, குற்றமும் சூழ்ச்சியும் கொலையும் கூறும் ஒருவகைப் படங்களைக் குறித்து இவ்வழக்கு நெடுநாளாக ஓயாமல் நடந்துவருகிறது. பிரெஞ்சு மொழியில் 'பிலிம் நுவார்' என்று பெயர் பெற்ற அப்படங்களையே ஈண்டு 'இருட்படங்கள்' என்கிறோம். 1941 முதல் 1958 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவற்றைப் பழைய இருட்படங்கள் எனவும், 1970-க்குப் பிற்பட்டவற்றைப் புதியவை எனவும் வகுத்து, இவற்றுள் எது உயர்ந்தது என்று வாதிடுவர். ஒளியமைப்பு, நடிப்பு, உரையாடல் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டே பெரும்பாலோர் தீர்ப்புக் கூறுவர்.

நாம் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். குற்றம் நடந்தபின் ஒவ்வொரு படமும் யாரையோ ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அக்கூண்டில் நிற்பவர் யார்? நிற்க வேண்டியவர் யார்? இவ்விரு வினாக்களையும் கையிற் கொண்டு இப்படங்களின் வரலாற்றை நோக்கின், பழையது புதியது என்னும் பிரிவினை வேறு விதமாகத் தோன்றும்.

முதலிற் பெயர் வந்த வரலாற்றைக் கூறிவிடுவோம். 1940-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹிட்லரின் படைகள் பாரிஸ் நகரைக் கைப்பற்றின. அந்த அடிமை நாட்களில் புதிய அமெரிக்கப் படம் எதுவும் அந்நகர மக்கள் கண்ணிற் படவில்லை. விடுதலைக்குப் பின், 1946-ம் ஆண்டுக் கோடையில், தேங்கிக் கிடந்த படங்களெல்லாம் ஒருங்கே வந்து குவிந்தன. 'மால்டீஸ் பால்கன்', 'லாரா', 'மர்டர் மை ஸ்வீட்', 'டபுள் இன்டெம்னிட்டி' முதலியவற்றை அந்நகரத்தார் சில வாரங்களுக்குள் கண்டனர். ஆண்டுக்கொன்றாகப் பார்த்திருப்பின் புலப்படாத மாறுதல், ஒரே மூச்சிற் பார்த்தவர்க்குத் தெற்றெனப் புலப்பட்டது. போருக்கு முன் சிரித்துப் பாடிக்கொண்டிருந்த ஹாலிவுட், இப்பொழுது மழையிரவையும் பொய்சொல்லும் காதலரையும் தோற்றுப்போகும் மனிதரையும் காட்டுகின்றதே என்று வியந்தனர். நினோ பிராங்க் என்னும் விமரிசகர் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் எழுதிய கட்டுரையொன்றில் இவற்றைக் 'கரும்படங்கள்' என்றார். அமெரிக்காவில் இவற்றை எடுத்தவர்களோ தாம் அப்படியொரு வகையை உண்டாக்கிக்கொண்டிருப்பதை அறியார். அவர்கட்கு அவை குற்றக் கதைகள், அவ்வளவே.

தீமைக்கெல்லாம் கருப்பு நிறத்தைப் பூசுதல் வெள்ளையர் வழக்கம். கருஞ்சட்டையைப் பெருமையுடன் அணியும் தோழர்கள் அப்பெயரை ஏற்கத் தயங்கினாற் குற்றமில்லை. ஆதலின் நிறத்தை விடுத்து இருளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இவ்விருள் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி ஜெர்மனியிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் தோற்று, பணம் மதிப்பிழந்து, பசியால் நைந்த அந்நாட்டில், கோணிய சுவர்களும் நீண்ட நிழல்களும் நிறைந்த படங்கள் 1920-களில் தோன்றின. அங்கே தொழில் கற்ற பில்லி வைல்டர், பிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் ஆகிய மூவரும் 1933-ல் ஹிட்லர் பதவியேறியவுடன் நாட்டை விட்டு ஓடினர். பின்னர் அமெரிக்கா சேர்ந்தனர். வைல்டர் பழைய ஆஸ்திரியப் பேரரசில் 1906-ல் பிறந்த யூதர். அவர் தப்பினார், அவருடைய தாய் நாஜிகளுக்கு இரையானார். நேற்றுவரை வணக்கம் சொன்ன அண்டைவீட்டான் இன்று காட்டிக்கொடுப்பான் என்பதை நூலிற் படித்து அறிந்தவரல்லர் இவர்கள். இன்னொரு பகுதி சிக்கனத்தினால் வந்தது. போர்க்காலத்தில் மரம், ஆணி, துணி எல்லாம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. புதிய காட்சியமைப்புக்குச் செலவிடும் தொகைக்கு அரசாங்கம் வரம்பு கட்டியது. அரைகுறைச் சுவரை மறைக்க இருளைக் காட்டிலும் மலிவான திரை வேறுண்டோ? மேதைமை என்று இன்று கொண்டாடப்படும் நிழல்களிற் சில, வறுமையின் ஒட்டுப்போடுதலே.

இனி, இப்படங்களின் முடிவை எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும். கதாசிரியரோ டைரக்டரோ அல்லர். தணிக்கைச் சட்டமே எழுதிற்று. ஹாலிவுட் முதலாளிகள் 1930-ல் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டனர். 1934 முதல் ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் அதனைக் கண்டிப்பாக நிறைவேற்றிற்று. எழுதிய கதை முதலில் அவரிடம் போக வேண்டும். முடிந்த படம் அவருடைய முத்திரை பெற வேண்டும். குற்றம் செய்தவன் தண்டனையின்றித் தப்பலாகாது. குற்றவாளியின்மேல் பார்ப்போர்க்கு அனுதாபம் உண்டாகலாகாது. சட்டமும் நீதிமன்றமும் இழிவுபடலாகாது. வெள்ளையரும் கறுப்பரும் காதல் கொள்ளலாகாது. ஒழுக்கம் காப்பதற்கென்று வந்த விதிகள், உலகில் நீதி எப்பொழுதும் வெல்கிறதென்ற பொய்யைக் கட்டாயப் பாடமாக்கின.

'டபுள் இன்டெம்னிட்டி' படத்தை எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் கெயின் எழுதிய இக்கதை 1936-ல் இதழொன்றில் தொடராக வெளிவந்தது. தணிக்கைக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் எவரும் அதனைத் தொடவில்லை. 1944-ல் வைல்டர், துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லருடன் சேர்ந்து திரைக்கதை எழுதிப் படமாக்கினார். இன்ஷூரன்ஸ் பாலிசிகளில், சிலவகை விபத்தால் இறந்தவர்க்கு இரட்டிப்புத் தொகை கொடுக்கும் விதியொன்று உண்டு. அதுவே படத்தின் பெயர். வால்டர் நெப் என்னும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, வாடிக்கைக்காரர் ஒருவரின் மனைவியான பில்லிஸ் என்பவளிடம் மயங்குகிறான். கணவனைக் கொன்று, ரயிலினின்று தவறி விழுந்ததாகக் காட்டினால் 50,000 டாலருக்குப் பதில் 100,000 டாலர் கிட்டும். கொலையும் நடக்கிறது. படம் தொடங்கும்போதே நெப் குண்டடிபட்டு, நள்ளிரவில் தன் ஆபீசுக்கு வந்து, பேச்சைப் பதியும் கருவியின்முன் அமர்ந்து, தன் குற்றத்தை மேலதிகாரி கீஸ் என்பவர்க்கு வாக்குமூலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சன்னலின் பலகைத் தட்டிகளூடே வரும் வெளிச்சம் பகற்பொழுதிலேயே அவன் மார்பிற் சிறைக்கம்பிகளாக விழுகிறது.

நெப் விஷவாயு அறையிற் கொல்லப்படும் காட்சியையும் வைல்டர் எடுத்திருந்தார். பின்னர்த் தாமே அதனை நீக்கினார். படம் முழுவதும் கீஸின் சுருட்டுக்கு நெப்பே தீக்குச்சி கிழித்துக் கொடுத்துவந்தான். முடிவில், வாசலில் விழுந்துகிடக்கும் நெப்பின் சிகரெட்டுக்குக் கீஸ் தீக்குச்சி கிழிக்கிறார். அத்துடன் படம் நின்றுவிடுகிறது. தணிக்கையாளர் கேட்ட தண்டனையும் கிடைத்தது. அவர் விரும்பாத அனுதாபமும் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது. கட்டுப்பாடு கலைஞனைக் கூர்மையாக்கும் என்பார் இதைத்தான் எடுத்துக்காட்டுவர். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், கூண்டில் நிற்பவர் யார் என்று கேளுங்கள். ஒரு சம்பளக்காரன்; பணத்துக்காக மணந்த ஒரு பெண். மனித உயிரை டாலராக நிறுத்து விற்கும் கம்பெனியோ படத்தில் உண்மையின் காவலாக நிமிர்ந்து நிற்கிறது.

பெண்ணைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பழைய இருட்படங்கள் பலவற்றில் ஒரு கொல்லும் மோகினி வருகிறாள். ஆண் கெட்டான் என்றால் அவள் கெடுத்தாள். போர்க்காலத்தில் ஆண்கள் கடல்கடந்து போக, தொழிற்சாலைக்குச் சென்று சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பெண்ணைக் கண்டு அந்நாட்டு ஆண்மனம் கொண்ட அச்சமே இவ்வுருவெடுத்தது என்று அறிஞர் பலர் கூறுவர். நமக்கு இதில் வியப்பில்லை. முனிவனின் தவம் குலைந்தால் மேனகையைப் பழித்த புராணக்காரரும், பெண்ணே மாயை என்று பாடி வைத்தவரும் ஹாலிவுட்டுக்கு ஆயிரமாண்டு மூத்தவர்கள். இவ்வகைப் படத்தின் நிழல் சென்னையில் விழுந்தபொழுது ஒரு நல்ல மாறுதல் நேர்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். எஸ். பாலசந்தர் 1954-ல் ஏவி.எம். நிறுவனத்துக்காக எடுத்த 'அந்த நாள்' படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. அதில் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் வானொலிப் பொறியியலாளன் ஆண். அவனைத் தடுக்க முற்படுகிறவள் அவன் மனைவி. மோகினியைத் தேடுவோர்க்கு ஏமாற்றந்தான்.

ஹாலிவுட்டிலும், கூண்டில் நிற்க வேண்டிய பெரியவர்களை அந்தக் காலத்திலேயே சுட்டிக்காட்டியவர் சிலர் இருந்தனர். அவர்களுள் தலைசிறந்தவராக நாம் கருதுவது ஆபிரகாம் பொலான்ஸ்கியை. (பின்னே ரோமன் போலன்ஸ்கி என்று மற்றொருவர் வருவார்; பெயரொற்றுமை கண்டு மயங்க வேண்டா.) இவர் 1948-ல் எடுத்த 'போர்ஸ் ஆப் ஈவில்' என்னும் படம் நியூயார்க்கின் எண் சூதாட்டத்தைப் பற்றியது. ஏழைகள் நாள்தோறும் சில்லறைக் காசை வைத்து மூன்றெண் கட்டுவது அச்சூது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 'சாப் ஜீ கீ' கட்டிக் கூலியை இழந்த குடும்பங்களின் கதை கேட்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. விடுதலை நாளாகிய ஜூலை 4 அன்று அமெரிக்க ஏழைகள் நாட்டுப்பற்று மேலிட்டு 776 என்ற எண்ணையே கட்டுவர். அந்நாடு விடுதலை அறிவித்த ஆண்டு 1776 அல்லவா? அன்று அவ்வெண்ணே விழும்படி சூழ்ச்சி செய்தால், சிறு சூதுக்கடைகளெல்லாம் பரிசு கொடுக்க முடியாமல் ஒரே நாளில் திவாலாகும். பெருமுதலாளி ஒருவன் அவற்றை விழுங்கிவிடலாம். இச்சூழ்ச்சியை வகுத்துக் கொடுப்பவன் ஜோ மார்ஸ் என்னும் வக்கீல். அவன் ஆபீஸ் இருப்பது பெரிய வங்கிகள் நிறைந்த வால் வீதியில். அவ்வாறு அழியப்போகும் சிறுகடைகளுள் ஒன்றை நடத்துபவர், தம்பியைப் படிக்க வைத்துத் தாம் தேய்ந்துபோன அவனுடைய அண்ணன்.

சூதுக்காரன் சிறு சூதுக்காரனை விழுங்குவதும், வங்கி சிறு வங்கியை விழுங்குவதும் ஒரே தொழில் என்று இப்படம் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாமலே தெளிவாக்குகிறது. அண்ணனின் பிணத்தைத் தேடி ஜோ விடியற்காலையில் பாலத்தடியிலுள்ள கற்படிகளில் இறங்கி, இறங்கி, ஆற்றங்கரைப் பாறைகளை அடையும் காட்சிக்கு இணையானது எந்தப் புதிய படத்திலும் இல்லை. இங்கே துப்பாக்கி பிடித்தவன் மட்டும் கூண்டில் இல்லை. நாகரிக உடையணிந்து, பேரேட்டைப் புரட்டி, சட்டப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவனும் நிற்கிறான்.

இதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1947-ம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டியொன்று ஹாலிவுட்டிற் பொதுவுடைமைக்காரர் புகுந்திருக்கின்றனரா என்று விசாரணை தொடங்கிற்று. நீ எக்கட்சி, உன் நண்பர் எவரெவர் என்று வினவியபோது விடையளிக்க மறுத்த பத்துப்பேர் பின்னர்ச் சிறை சென்றனர். யூத வெறுப்பினால் நடந்த கொலையைப் பற்றிய 'கிராஸ்பயர்' என்னும் இருட்படத்தை அவ்வாண்டிற்றான் வெளியிட்டிருந்த டைரக்டர் எட்வர்ட் டிமிட்ரிக், தயாரிப்பாளர் ஏட்ரியன் ஸ்காட் இருவரும் அப்பத்துப்பேரில் அடங்குவர். டிமிட்ரிக் சிறையிலிருந்து மீண்டபின் 1951-ல் மனம் மாறித் தோழர்களின் பெயர்களைக் கூறினார். அவருக்கு மீண்டும் வேலை கிடைத்தது. ஆபிரகாம் பொலான்ஸ்கி அதே 1951-ல் அழைக்கப்பட்டார், ஒரு பெயரையும் கூற மறுத்தார், வேலை போயிற்று. 'போர்ஸ் ஆப் ஈவில்' அவர் டைரக்ட் செய்த முதற்படம். அடுத்த படத்துக்குத் தம் பெயரை இட்டு டைரக்ட் செய்ய 1969 வரை, இருபத்தொரு ஆண்டுகள், அவர் காத்திருந்தார். ஜோ மார்ஸாக நடித்த ஜான் கார்பீல்டும் விசாரிக்கப்பட்டார், பெயர் கூறவில்லை, வாய்ப்புகள் அற்று, 1952-ல் 39-ம் வயதில் மாரடைப்பால் மாண்டார். ஜூல்ஸ் டாசின் என்பவர் நாடுவிட்டுப் பிரான்சுக்குச் சென்று 1955-ல் 'ரிபிபி' எடுத்துப் பெயர் பெற்றார். பழைய இருட்படங்கள் ஏன் 1950-களில் மெலிந்தன என்பதற்குத் தொலைக்காட்சி வந்தது, வர்ணப்படம் வந்தது என்றெல்லாம் காரணம் கூறுவர். அவையும் உண்மையே. ஆனால், கலைஞரைப் பட்டினி போட்டதும் ஒரு காரணம் என்பதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று.

1968-ல் பழைய தணிக்கை விதிகள் ஒழிந்தன. வயதுக்கேற்பப் படங்களைத் தரம்பிரிக்கும் முறை வந்தது. குற்றவாளி தப்பலாம் என்ற உரிமை கிடைத்தது. அவ்வுரிமையை உயர்ந்த காரியத்துக்குப் பயன்படுத்திய படம் 1974-ல் வந்த 'சைனாடவுன்'. ராபர்ட் டவுன் எழுத, ரோமன் போலன்ஸ்கி டைரக்ட் செய்தார்.

கதை 1937-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்கிறது. மழையில்லை, குடியானவர்களின் தோட்டங்கள் காய்கின்றன, நகரசபையோ இரவில் யாருமறியாமல் தண்ணீரைக் கடலுக்குத் திறந்து விடுகிறது. காய்ந்த நிலம் மலிவு விலைக்கு வரும். அந்நிலத்தை முதியோர் விடுதியிற் கிடக்கும் ஒன்றுமறியாக் கிழவர்களின் பெயரால் வாங்கிக் குவிக்கிறான் நோவா கிராஸ் என்னும் கோடீசுவரன். பின்னர் அரசாங்கச் செலவில் அணை கட்டித் தண்ணீரை அந்நிலத்துக்கே கொண்டுவருவது திட்டம். இதனை எதிர்த்த தலைமைப் பொறியியலாளர், நீர்ப்பஞ்சத்தின் நடுவே நீரில் மூழ்கிப் பிணமாகிறார்.

இது வெறுங் கற்பனையன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் வடக்கே தொலைவிலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீருரிமைகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங்கினர். வில்லியம் மல்ஹாலண்ட் என்னும் பொறியியலாளரின் மேற்பார்வையில் 233 மைல் நீளமுள்ள நீர்க்கால்வாய் 1913-ல் திறக்கப்பட்டது. அந்நீர் வருமுன்னரே, நகரத்தை அடுத்த சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் பத்திரிகை முதலாளிகளும் ரயில்வே முதலாளிகளும் நிலத்தை வாங்கி வைத்திருந்தனர். நீர் வந்ததும் அவர்கள் செல்வம் பெருகிற்று. ஓவன்ஸ் ஏரியோ வறண்டு உப்புத்தரையாயிற்று. வயிறெரிந்த குடியானவர் 1924-லும் 1927-லும் அக்கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தனர். 1928-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னர், மல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து நானூறு பேருக்கு மேல் மாண்டனர். அன்று பகலிற்றான் அவர் அவ்வணையைப் பார்வையிட்டுப் பழுதில்லை என்று திரும்பியிருந்தார். படம் இவ்வரலாற்றை அப்படியே படியெடுக்கவில்லை. காலத்தை மாற்றியும் நிகழ்ச்சிகளைக் கூட்டியும் புனைந்துள்ளது. இருப்பினும், நிலமும் நீரும் எவன் கையிலோ அவன் கையில் ஊரே அடங்கும் என்பதைப் புனைந்துரைக்க வேண்டியதில்லை. தோட்டத்து எல்லைக்குள் பிறந்து வளர்ந்தவர்க்கு அது கண்கூடு.

நோவா கிராஸாக நடித்தவர் ஜான் ஹூஸ்டன். 1941-ல் 'மால்டீஸ் பால்கன்' படத்தை டைரக்ட் செய்து இருட்படக் காலத்தைத் தொடங்கிவைத்தவர் இவரே! அப்படத்தின் இறுதியில் துப்பறிவோன், தான் விரும்பிய பெண்ணையே கொலைகாரியெனப் போலீசிடம் ஒப்படைக்கிறான். நீதி நிலைத்தது, பெண் கூண்டேறினாள். முப்பத்துமூன்று ஆண்டு கழித்து அதே ஹூஸ்டன் திரையில் தோன்றிப் புன்முறுவலுடன் நீதியை விலைக்கு வாங்குகிறார்.

இப்படத்தின் மிகப்பெரிய துணிவு இங்கேதான் இருக்கிறது. துப்பறிவோன் கிட்டிஸ், பழைய படங்களில் வரும் துப்பறிவோரைப் போலவே சிந்திக்கிறான். எவெலின் என்னும் பெண் எதையோ மறைக்கிறாள். ஆகவே அவளே கொலைகாரி என்று முடிவு கட்டுகிறான். அடித்துக் கேட்கிறான். அவள் மறைத்ததோ தன் குற்றத்தையன்று. தன்மேல் இழைக்கப்பட்ட குற்றத்தை. அவளுடைய தந்தை நோவா கிராஸே அவளைக் கெடுத்தவன். அவ்வாறு பிறந்த பெண்ணையே அவள் ஒளித்துக் காக்கிறாள். உண்மை தெரிந்தபின்னும் கிட்டிஸால் ஒன்றும் செய்ய இயலவில்லை. தப்பியோட முயலும் எவெலின் போலீசாரின் குண்டுக்கு இரையாகிறாள். கிராஸ் அச்சிறுபெண்ணைக் கையிற் பற்றிக்கொண்டு போகிறான். நிலத்தை விழுங்கியவனும் மகளை விழுங்கியவனும் ஒருவனே. கூண்டு காலியாக இருக்கிறது. மோகினி என்று நாம் ஐயுற்றவள் பிணமாகக் கிடக்கிறாள். முப்பது ஆண்டுகளாகப் பெண்ணைச் சந்தேகிக்கப் பழக்கிய பழைய படங்களுக்கு இதைவிடக் கடுமையான கண்டனத்தை எவரும் எழுதியதில்லை.

டவுன் முதலில் எழுதிய முடிவில் எவெலின் தன் தந்தையைக் கொல்வதாக இருந்தது. அம்முடிவை மாற்றித் தீயவன் வெல்ல வேண்டுமென்று வற்புறுத்தியவர் ரோமன் போலன்ஸ்கி. அவருடைய தாய் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் மாண்டார். கருவுற்றிருந்த மனைவி 1969-ல் வெறியராற் குத்திக் கொல்லப்பட்டார். நீதி வெல்லும் என்று நம்ப அவர்க்குக் காரணமில்லை. ஆனால் இன்னொன்றையும் மறைக்கலாகாது. பதின்மூன்று வயதுச் சிறுமியுடன் சட்டவிரோதமாக உடலுறவு கொண்டதாக 1977-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, தண்டனை விதிக்கப்படுமுன் 1978-ல் அமெரிக்காவை விட்டு ஓடியவரும் அவரே. நோவா கிராஸை நமக்குக் காட்டியவர் அவனுடைய பாதையிலேயே சென்று அவனைப் போலவே கூண்டுக்குத் தப்பினார். படத்தின் பெருமையைப் பேசுவோர் இதனை விழுங்கிவிட்டுப் பேசுதல் தகாது. இதனைச் சொல்லிவிட்டுப் படத்தைப் பார்க்கவே கூடாதென்பாரும் உண்டு. நாம் படத்தையும் பார்க்கிறோம், இதையும் மறக்கவில்லை.

'சைனாடவு'னுக்குப் பின் வந்த புதிய இருட்படங்கள் எல்லாம் அவ்வுயரத்தை எட்டின என்று எண்ண வேண்டா. தணிக்கை போனது எழுத்தாளனுக்கு உரிமை தந்தது. வியாபாரிக்கும் உரிமை தந்தது. 'போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் டுவைஸ்' என்னும் கெயின் கதை 1946-லும் 1981-லும் படமாயிற்று. முன்னதில் வெள்ளையுடை அணிந்த ஒருத்தி வாயிலில் நிற்பதிலேயே இருந்த வெம்மை, பின்னதில் எல்லாவற்றையும் திறந்துகாட்டியும் வரவில்லை. அதே 1981-ல் வந்த 'பாடி ஹீட்' படத்தில் மோகினி தண்டனையின்றித் தப்பி, வெப்பநாட்டுக் கடற்கரையொன்றில் வெயில் காய்கிறாள். முடிவு மாறிற்று, பெண்ணைப் பற்றிய எண்ணம் மாறவில்லை. இன்னும் சில படங்கள் பழைய தொப்பியையும் பழைய காரையும் மழைத்தெருவையும் காட்டினாற் போதுமென்று நினைக்கின்றன. 'நைட்மேர் ஆலி' போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்: 1947-ல் எடுத்த படம் நாவலின் கொடிய முடிவை இனிப்புத் தடவி மாற்றியது; 2021-ல் கில்லர்மோ டெல் டோரோ எடுத்த படம், ஏமாற்றிப் பிழைத்தவன் சந்தைக் கூடாரத்தில் விலங்கினும் கீழாக விழும் அம்முடிவை மீட்டுக் கொடுத்தது.

பழைய இருட்படங்களில் கூண்டும் இல்லாமல், சாட்சிப் பெட்டியும் இல்லாமல் நின்றவர் ஓர் இனத்தார். 'டபுள் இன்டெம்னிட்டி'யில் நெப்பின் காரைக் கழுவும் ஒரு கறுப்புத் தொழிலாளி வருகிறார். கொலை நடந்த இரவில் தான் வீட்டை விட்டு நகரவில்லை என்று காட்டுவதற்கு நெப் அவரைப் பயன்படுத்திக்கொள்கிறான். அவ்வளவே அவர் வேலை. வேறு படங்களில் கறுப்பர் கதவைத் திறப்பர், மூட்டை தூக்குவர், மூலையில் இருந்து வாத்தியம் வாசிப்பர். அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அதே 1940-களில், அவர்களுடைய கதை என்ன என்பதைத் திரை கேட்க அரை நூற்றாண்டாயிற்று. வால்டர் மோஸ்லியின் நாவலைக் கொண்டு 1995-ல் கார்ல் பிராங்க்ளின் எடுத்த 'டெவில் இன் எ புளூ டிரெஸ்' அக்கதையைக் கூறுகிறது. விமானத் தொழிற்சாலையில் வேலை நீக்கம் செய்யப்பட்ட ஈசி ராலின்ஸ் என்னும் கறுப்புத் தொழிலாளி, தன் சிறு வீட்டின்மேலுள்ள கடனைக் கட்ட வேண்டித் துப்பறியும் வேலையில் இறங்குகிறான். வெள்ளையர் பகுதியில் நின்றாலே போலீசு பிடிக்கும் நகரில் துப்பறிவது எப்படி? அவன் தேடும் பெண் மறைத்துக்கொண்டிருக்கும் மறைபொருள் கொலையன்று. வெள்ளைத்தோல் உடைய தான் கலப்பினத்தவள் என்பதே. பிறப்பை மறைத்தாலன்றி மதிப்பில்லை என்ற நிலையைச் சாதியின் கொடுமையறிந்த நம்மவர்க்கு விளக்க வேண்டுமோ? படம் வசூலில் தோற்றது. புதிய இருட்படங்களில் 'சைனாடவு'னுக்கு அடுத்தபடி இதனையே நாம் வைப்போம்.

ஆயினும் இத்துறையிலும் புதியவர்க்கு முந்தியவர் ஒருவர் உண்டு. பழைய இருட்படக் காலம் 1958-ல் முடிந்ததென்பர். 1959-ல் 'ஆட்ஸ் அகென்ஸ்ட் டுமாரோ' என்றொரு படம் வந்தது. கறுப்பினப் பாடகர் ஹாரி பெலபாண்டே தம் சொந்தக் கம்பெனியின் வழியாக எடுப்பித்துத் தாமே நடித்தார்; ராபர்ட் வைஸ் டைரக்ட் செய்தார். சிற்றூர் வங்கியொன்றைக் கொள்ளையிட மூவர் கூடுகின்றனர். ஒருவர் வேலையிழந்த கிழப் போலீஸ்காரர்; ஒருவன் கறுப்பரைக் கண்டாற் சகியாத வெள்ளையன் ஸ்லேட்டர்; மற்றவன் சூதாட்டக் கடனில் மூழ்கிய கறுப்பினப் பாட்டுக்காரன் இங்கிராம். 'கிராஸ்பய'ரில் யூதரைக் கொன்ற வெறியனாக நடித்த ராபர்ட் ரயனே இங்கே ஸ்லேட்டர். திட்டத்தின் உயிர்நாடி இதுதான்: இரவில் வங்கிக்குக் காப்பி கொண்டுவருகிறவன் ஒரு கறுப்பன், இங்கிராம் அவனுடைய உடையில் வந்தால், கறுப்பு முகங்களை உற்றுப் பாராத வெள்ளைக் காவற்காரன் கதவைத் திறந்துவிடுவான்.

கதவு திறக்கிறது. ஆனால் தப்பிச்செல்ல வேண்டிய காரின் சாவியைக் கறுப்பன் கையிற் கொடுக்க ஸ்லேட்டர் மறுத்துவிட்டான். சாவியை வைத்திருந்த கிழவர் தெருவிற் சுடப்பட்டு விழுகிறார். மற்ற இருவரும் போலீசாரை மறந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு எண்ணெய்த் தொட்டிகளின்மேல் ஏறுகின்றனர். தொட்டி வெடிக்கிறது. விடிந்தபின், கரிந்த இரண்டு உடல்களின்முன் நின்று, இவற்றில் யார் எவர் என்று ஒருவர் கேட்கிறார். எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்பதே விடை.

இப்படத்தின் கதாசிரியராகத் திரையிற் காட்டப்பட்ட பெயர் ஜான் கில்லன்ஸ் என்னும் கறுப்பின நாவலாசிரியருடையது. எழுதியவர், தம் பெயரை இடத் தடையிருந்த ஆபிரகாம் பொலான்ஸ்கி. எழுத்தாளர் சங்கம் அப்பெயரை 1996-ல் திருத்தியது. மூன்றாண்டுக்குப் பின் 1999-ல் அவர் காலமானார்.